மாதா போன வழி

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். இருந்தும், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், ஒருத்தனும் மரச்சீனிக் கிழங்குகூட நடாத பாறைக்காட்டில் வீடு கட்டினேன். செங்கல் சூளை போட்டேன். முதல் சூளை மழையில் கரைந்தது, இரண்டாவது போட்டேன். கிணறு வெட்டும்போது சிரித்தவர்கள் இப்போது கோடையில் என் கிணற்றில்தான் கோருகிறார்கள். சந்திப்பில் சிலுவையோடு நிற்கும் குருசடி முழுக்க என் செங்கல். ஆனால் நான் செய்ததில் பெரியது ஒரு வழி. அதற்கு ஒரு செங்கல்கூட ஆகவில்லை. செபமாலையை வைத்தே திறந்தேன்.

தொண்ணூறுகளில் எங்கள் வட்டாரச் செபமாலைக் கூட்டத்துக்கு நான்தான் தலைவர். அக்டோபர் மாதம் முழுக்க மாதாவின் சிலை, எங்களுக்குச் சுரூபம், வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு நாள் இருந்து, மறுநாள் சாயங்காலம் மெழுகுதிரியும் பாட்டுமாக அடுத்த வீட்டுக்குப் போகும். செபமாலை முடிந்ததும் ஒவ்வொருவரும் தங்கள் கருத்தை, அதாவது வேண்டுதலை, சொல்வார்கள். கருத்துக்கு ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள் நிறைந்த மரியே. மகனுக்கு விசா, மருமகனுடைய குடி, சினை பிடிக்காத பசு, மூன்றாம் தடவை எழுதும் பரீட்சை, எல்லாம் வரும். பக்கத்து மிஷன் சபைக்காரர் மாதாவிடம் கேட்கமாட்டார். ஆனால் மதிலுக்கு அப்புறம் நின்று, "நம்ம முட்டுவலியையும் அதில சேத்துக்கிடும் ஓய்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

மற்ற வட்டாரத் தலைவர்கள் இதையெல்லாம் நோட்டில் எழுதுவார்கள். என் கைக்கு எழுத்து அவ்வளவு வேகமாக வராது. கருத்துக்கு ஒரு ரப்பர் கொட்டை என்று இடது பாக்கெட்டில் போட்டுக்கொள்வேன். செபித்து முடித்தால் அது வலது பாக்கெட்டுக்குப் போகும். நோட்டுக்காரர்கள் விட்டதுண்டு, நான் ஒன்றையும் விட்டதில்லை.

அந்த வருடம் ஓடையோரத்து விதவை ஒரு கருத்து தந்தாள். பிரசவத்துக்கு வந்திருக்கும் மகளுக்குச் சுகப்பிரசவம் ஆகவேண்டும். மாதாவிடம் கேட்கலாம். ஆனால் வலி வந்தால் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது? ரோட்டுக்குப் போகும் பழைய வழி பக்கத்துக்காரருடைய தென்னந்தோப்பு வழியாக. ஒரு பலாக்கொம்பை வெட்டிய சண்டையில் அவர் கல்லுக்கால் நட்டு முள்கம்பி கட்டிவிட்டார். மிச்சம் இருந்தது ஓடைமேல் போட்ட ஒற்றைத் தென்னந்தடி. நிறைமாதக்காரி அதில் நடப்பாளா?

நான் அவள் கருத்தோடு என் சொந்தக் கொட்டை ஒன்றையும் போட்டேன். கூட்டத்தில் உரக்கச் சொன்னேன்: "வழியடைத்து வைத்திருக்கும் ஒரு சகோதரனின் மனம் இளக வேண்டுமென்று..."

மறுநாள் காலை மூன்று பேர் என் சூளைக்கு வந்து சண்டை பிடித்தார்கள். "நீரு என்னையாக்கும் சொன்னீரு! நாலு பேரு முன்னால மானம் போச்சு!" எங்கள் ஊரில் வழித்தகராறு இல்லாத மதில் ஏது? சொல்லப்பட்ட தோப்புக்காரர் மட்டும் வரவில்லை. அவர்தான் அந்தக் கருத்துக்கு மந்திரத்தை எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னவர். அன்று சாயங்காலம் அவரே என் கையைப் பிடித்தார். "அண்ணா, அந்த வழியடச்ச படுபாவிக்கு என் பேரில இன்னொரு மந்திரம் கூட்டிச் சொல்லணும், கேட்டியளா?" அதற்கும் ஒரு கொட்டை போட்டேன். என்ன செய்ய?

சொல்லிப் புரியாதவருக்கு மாதாவையே அனுப்புவது என்று தீர்மானித்தேன். சுரூபம் போகும் வரிசை என் கையில்தானே? விதவை வீட்டுக்கு அடுத்தது அவர் வீடு என்று போட்டேன். மாதா வரும் நாளில் மகனுடைய விசாவுக்காக அவர் பந்தல் போட்டு, கூட்டத்துக்கெல்லாம் மரச்சீனியும் மீன்கறியும் செய்து வைத்துக் காத்திருந்தார். அன்று மத்தியானம் ஓடைத் தடி வெள்ளத்தில் போய்விட்டது. ஐப்பசித் துலாவர்ஷ மழை என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அந்தத் தடி ஒரு ராத்திரி என் சூளைக்கொட்டகையில் பத்திரமாகக் கிடந்தது என்பதை இப்போது சொல்வதில் பயமில்லை.

நாங்கள் முழங்கால் வெள்ளத்தில் இறங்கி விதவை வீட்டுக்குப் போனோம். மாதாவை எடுத்துக்கொண்டு நேரே முள்கம்பிக்கு வந்து, ஸ்டூல் போட்டு இறக்கி வைத்தேன். பாக்கெட்டில் இருந்த கருத்துகளை ஒவ்வொன்றாகத் தொடங்கினேன்.

அவர் பந்தலில் இருந்து ஓடி வந்தார். "எலே, இங்க என்ன இருப்பு? சுத்தி வாருங்க!"

"தடி போச்சு. மாதாவ வெள்ளத்தில இறக்கவா சொல்லுதீரு?"

"தலையில சொமந்து வாரும்!"

"வழுக்கினா நீரு பொறுப்பு. இந்தா பாரும், இந்தக் கொட்டை உம்ம மகனுக்க விசா. இதச் சொல்லி முடிக்கட்டா, இல்ல அங்க வந்து சொல்லட்டா?"

அவர் கம்பியைப் பார்த்தார், மாதாவைப் பார்த்தார். அப்போதுதான் அந்தப் படுபாவி யாரென்று அவருக்கு விளங்கியது. முகம் போன போக்கைப் படம் பிடிக்க ஆளில்லாமல் போயிற்று. அதற்குள் அவர் மனைவி வெட்டுகத்தியோடு வந்துவிட்டாள். "நீங்க அறுக்கியளா, நான் அறுக்கட்டா? மீன்கறி ஆறுது."

அவரே அறுத்தார். மாதா உள்ளே போனார். பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விதவையின் மகளும் போனாள்.

மறுநாள் நான் தடியைத் திரும்பப் போட்டேன். அவர் புதுக் கம்பியோடு தோப்புக்கு வந்தாராம். மனைவி மறித்திருக்கிறாள்: "மாதா போன வழியாக்கும் இது. கெட்டினா ஒங்க கை வெளங்காது." கம்பி சுருளாகவே துருப்பிடித்தது. இரண்டாம் வாரம் அந்த வழியாக ஜீப் விதவையின் வாசல் வரை போயிற்று. பெண் குழந்தை. தாய்க்கும் பிள்ளைக்கும் குறையில்லை. தினமும் செபித்தும் இடது பாக்கெட்டிலேயே வைத்திருந்த அந்தக் கொட்டையை அன்றுதான் வலது பாக்கெட்டுக்கு மாற்றினேன்.

அந்த ஞாயிறு பிரசங்கத்தில் அச்சன் 'தாராள மனம்' என்று அவரைப் புகழ்ந்தார். விதவை குருசடியில் 'மாதாவே நன்றி' என்று கல் பதித்தாள். கல் பதித்த சுவர் யாருடைய செங்கல் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது எங்கள் கோயிலில் பங்கு மலர் அச்சடிக்கப் போகிறார்களாம். அதில் அந்த வழியைப் பற்றி ஒரு பக்கம் உண்டாம். எழுதுகிறவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் மாதாவைப் போடுங்கள், எனக்குச் சண்டையில்லை. அடுத்து, வெட்டுகத்தி கொண்டுவந்த அந்த அம்மாவைப் போடுங்கள். ஆனால் வரிசை போட்டதும், கொட்டை எண்ணியதும், தடியைத் தூக்கியதும் நான். தடி விஷயத்தை வேண்டுமானால் விட்டுவிடுங்கள். என் பெயரை விடாதீர்கள்.