தபாலில் போன பத்திரிகை

எங்கள் கிரகப்பிரவேசப் பத்திரிகையை ஊரப்பாக்கத்து நாத்தனாருக்குத் தபாலில் அனுப்பிவிட்டோம். தாம்பரத்திலிருந்து இருபது நிமிஷ ரயில். வெற்றிலை பாக்கு, குங்குமத்தோடு நேரில் போய் வைக்காமல், யாரோ மூன்றாம் மனுஷிக்கு அனுப்புவதுபோல ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினால் எந்த அக்காதான் வருவாள்? வரவில்லை. போன் செய்தாலும் என் வீட்டுக்காரர் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவாள்.

அதற்கப்புறம்தான் இவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளுக்கு இன்லண்ட் லெட்டர் எழுத ஆரம்பித்தார். அம்மாடி, என்ன எழுத்து! மடிப்பில்கூட இடம் விடுவதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாணமான புதிதில் ஆடிக்கு ஒரு மாதம் அம்மா வீட்டில் கிடந்தேனே, எனக்கு ஒரு வரி உண்டா?

"அப்படி என்னதாங்க எழுதுறீங்க?"

"சும்மா, பழைய கதை."

பல்லாவரத்தில் எனக்கு வேலை. போகிற வழியில் லெட்டரை ஸ்டேஷன் தபால் பெட்டியில் போடுவது என் பொறுப்பு. ஒரு திங்கட்கிழமை இட்லிப் பானை ஆவியில் காட்டி, ஒட்டியதைப் பிரித்துவிட்டேன். தப்புதான். என்னைப் பற்றி என்ன வத்தி வைத்திருக்கிறாரோ என்ற ஆத்திரம்.

"அக்கா, நேர்ல போய் வைக்கணும்னு அவ தலைதலையா அடிச்சிக்கிட்டா. நான்தான் சோம்பேறித்தனமா தபால்ல போட்டேன். அவளைத் தப்பா நினைக்காத."

பச்சைப் பொய். "இந்த வெயில்ல யாருங்க போறது, தபால்ல போடுங்க" என்றவளே நான்தான். எனக்கு அழுகை வந்தது. எனக்காகச் சொல்கிற பொய்யைக்கூட அவளிடம்தானே சொல்கிறார் என்று வயிறும் எரிந்தது. லெட்டரைத் திரும்ப ஒட்டி எடுத்துக்கொண்டு போய், ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்த இன்னொரு இன்லண்டில் நானும் எழுதினேன். "அண்ணி, தபாலில் போடச் சொன்னது நான். என்னைத் திட்டுங்கள். அவரோடு பேசிவிடுங்கள்." இரண்டையும் சேர்த்தே பெட்டியில் போட்டேன்.

அந்த வாரமே நாத்தனார் வந்துவிட்டாள். தம்பியைப் பார்த்ததும் அழுதாள், அவரும் அழுதார். பிறகு சமையலறைக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"நீதான் சொல்லியிருப்பேன்னு அவன் முதல் லெட்டர்லயே எனக்குத் தெரியும்டி. பொய் சொன்னா ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்வான், சின்ன வயசுலேருந்து அப்படித்தான். நீ எப்ப வாயைத் திறப்பேன்னுதான் பார்த்துட்டு இருந்தேன்."

தினமும் கூட இருந்து குடும்பம் நடத்துகிறவள் நான். அவர் பொய் சொன்னால் எனக்கு இன்றைக்கும் கண்டுபிடிக்கத் தெரியாது.