சாமுவேல் பி.காம்.

எங்கள் ஊரில் ஒரு பெயரைத் தனியாக விடமாட்டார்கள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் பெயருக்குப் பின்னால் பி.ஏ., பி.இ. என்று ஏதாவது ஒட்டிக்கொண்டு வரவேண்டும். செத்தவருக்குப் பட்டம் விட்டுப்போனால் அவர் பெண்டாட்டி அழுகையை நிறுத்திவிட்டு எனக்கு போன் போடுவாள். நான் சிட்டிபாபு. சின்ன காஞ்சிபுரத்தில் ஃபிளெக்ஸ் அடிக்கிற கடை வைத்திருக்கிறேன். பன்னிரண்டாவதோடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் ஊரில் எவன் என்ன படித்தான் என்று என்னைக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன்.

அதில் முதல் ஆள் என் சிநேகிதன் சாமுவேல். பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக் கடையில் மெத்தையில் உட்கார்ந்து புடவை விரித்துக் காட்டுகிற வேலை. அவன் அப்பா பக்கத்துத் தாமல் கிராமத்தில் கூலிக்கு வரப்பு வெட்டியவர். அவர்கள் தெருவிலிருந்து முதலில் காலேஜுக்குப் போனவன் சாமுவேல்தான். அதனால் கடை முதலாளிக்கு அவன் 'நம்ம பி.காம்.', தெருப் பிள்ளைகளுக்கு 'பி.காம். அங்கிள்'. சர்ச்சில் வாழ்த்து வாசித்தாலும் பி.காமைச் சேர்த்துத்தான் வாசிப்பார்கள்.

இந்த வருடம் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் படிக்கிற பல்கலைக்கழகத்துக்கு விழா ஆண்டு. அரசாங்கப் பல்கலைக்கழகம். செருப்பில்லாமல் வந்த பிள்ளைகளை எல்லாம் வாத்தியாராகவும் வக்கீலாகவும் ஆக்கி அனுப்பிய இடம். அதற்கு ஊர் சார்பில் மரியாதை செய்ய வேண்டும் என்று பழைய மாணவர் சங்கத் தலைவர் ராமலிங்கம் கிளம்பினார். காஞ்சிபுரத்து மரியாதை என்றால் பட்டுச் சால்வை. பல்கலைக்கழகத்துக்குத் தோள் கிடையாதே, யாருக்குப் போர்த்துவது என்று கூட்டத்தில் ஒரே அடிதடி. கடைசியில் பதிவாளருக்குப் போர்த்துவதாக முடிவானது. போர்த்துகிற ஆளைப் பற்றிச் சண்டையே வரவில்லை. "நம்ம சாமுவேல்தான்பா போத்தணும்" என்றார் ராமலிங்கம். சாமுவேலின் அப்பா வரப்பு வெட்டியது இவர் குடும்பத்து நிலத்தில்தான். அது எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் சாமுவேல் என் கடைக்கு வந்தான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"சிட்டி, விழா பேனர்ல என் பேருக்குப் பின்னால பி.காமை எடுத்துடுபா."

"இன்னாபா, புதுசா அடக்கமெல்லாம் காட்டற?"

"அடக்கம் இல்லபா. நான் பாஸே பண்ணல. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஒண்ணு அப்டியே நிக்குது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தவன், என்னிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லையே! திட்டித் தீர்த்தேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். ரிசல்ட் வருவதற்கு முன்பே அவன் மாமனார் கல்யாணப் பத்திரிகையில் பி.காம். என்று அடித்துவிட்டாராம். எழுதிப் பாஸாகிவிடலாம் என்று இவனும் பேசாமல் இருந்திருக்கிறான். எழுத எழுத ஃபெயில்தான் ஆனது. பாடத்திட்டம் மாறியது, வாய்ப்பும் முடிந்தது. அந்தப் பட்டத்தைச் சொல்லி அவன் ஒரு வேலைக்கும் போகவில்லை. ஆனால் அது அவனை விட்டும் போகவில்லை.

"ஊரு சிரிச்சா சிரிச்சிட்டுப் போவுதுபா. ஷாரோனுக்குத் தெரிஞ்சா நான் எப்டிபா அவ மூஞ்சில முழிப்பேன்? என்னைப் பாத்துதானே அவ பி.காம். சேந்தா?"

ஷாரோன் அவன் ஒரே மகள். அதே பல்கலைக்கழகத்துக் கல்லூரியில் இரண்டாம் வருடம்.

அப்புறம் போனை எடுத்துக் காட்டினான். விழா ஆண்டை முன்னிட்டு, எந்தக் காலத்தில் அரியர் வைத்தவரும் இன்னொரு முறை எழுதலாம் என்று பல்கலைக்கழகம் அறிவித்திருந்தது. "இதைக் கையில வெச்சிக்கினா இங்க வந்து அழுவற? போய்க் கட்டுபா பீஸை!" என்று கத்தினேன்.

கடை மூடியதும் வந்து என் ஃபிளெக்ஸ் சுருள்களுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தான். அவன் மனைவி மேரி கேட்டால் "சிட்டி கடையில இருந்தேன்" என்பான். பொய்யில்லையே. சரக்கு பார்க்கப் போவதாகச் சொல்லி சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதினான். ஹாலில் பாதித் தலை நரைத்த தலையாம். பக்கத்தில் இருந்த ஆள் மூக்குக் கண்ணாடியை மறந்து வந்துவிட்டு, கேள்வித்தாளைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துப் படித்தாராம்.

விழா தேதி பதிவாளரால் தள்ளிப் போனது நல்லதாகப் போயிற்று. அதற்குள் ரிசல்ட் வந்துவிட்டது. என் கடைக் கம்ப்யூட்டரில்தான் பார்த்தோம். தேர்ச்சி. சாமுவேல் அப்படியே ஒரு சுருள் மேல் உட்கார்ந்து அழுதான். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம். அப்பாடா, இனி யார் கேட்டாலும் பயமில்லை, பேனரில் ஒரு எழுத்தையும் எடுக்க வேண்டாம், விஷயம் நம்மோடு போகட்டும் என்று நிம்மதியாக இருந்தேன்.

அந்தப் படுபாவி விட்டால்தானே. விழாவில் ஆளாளுக்கு மைக்கைப் பிடித்து, பல்கலைக்கழகம் உருவாக்கிய பெரிய மனிதர்களை அடுக்கினார்கள். சாமுவேல் சால்வையைப் போர்த்தினான். இறங்கி வருவான் என்று பார்த்தால் மைக்கிடம் போனான்.

"எல்லாரும் பாஸ் பண்ணவங்களப் பத்திப் பேசினாங்க. நான் ஃபெயில் ஆனவன். போன மாசந்தான் பி.காம். ஆனேன். இத்தினி வருஷமா நீங்க கூப்டதெல்லாம் சும்மா. இம்மாம் பெரிய யூனிவர்சிட்டி என்னை மறந்துட்டிருந்தா யாரு கேக்கப் போறாங்க? மறக்கல. திரும்பவும் கூப்ட்டு உக்கார வெச்சுது. இந்தச் சால்வை அதுக்குத்தான்."

பதிவாளர்தான் முதலில் எழுந்து கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். ராமலிங்கம் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தட்டினார்.

சாமுவேல் இதெதையும் பார்க்கவில்லை. ஷாரோன் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தான். அது காலியாக இருந்தது. மேடையிலிருந்து கிட்டத்தட்டக் குதித்து ஓடினான். நானும் பின்னாலேயே ஓடினேன். பந்தி போடுகிற இடத்தில், கை கழுவும் குழாய்ப் பக்கம் நின்று அந்தப் பெண் தேம்பிக்கொண்டிருந்தாள்.

"அப்பா உன்னை ஏமாத்திட்டேன்மா" என்றான் சாமுவேல்.

"அதுக்கு இல்லப்பா" என்றாள். "எனக்கும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் போயிடுச்சுப்பா. ரெண்டு வாட்டி எழுதிட்டேன். நீ பி.காம். ஆச்சே, உன்கிட்ட எப்டிச் சொல்றதுன்னு பயந்துக்கினு இருந்தேன்."

சாமுவேல் அவளையே பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் தண்ணீர் வழிய, குழாயைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இவ்ளோதானாம்மா?" என்றான். "வா, சாப்பிடலாம்."