வெட்டி எறிந்த ஆறு நிமிடம்

எங்கள் ரொக் இசைக்குழு கொட்டாஞ்சேனையில் பதிவு செய்த மூன்றாவது அல்பத்தில், கசெட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஒரே பாட்டுத்தான், இருபது நிமிடம். அதுவரை கல்யாண வீடுகளில் மற்றவர்களின் பாட்டுகளை வாசித்துத் திரிந்தவர்கள் நாங்கள். அந்த அல்பத்துக்குப் பிறகே எங்களைத் தேடி ஆட்கள் வந்தார்கள். அதைப்போல இன்னொன்றை எங்களால் செய்யவும் முடியவில்லை.

போன மாதம் எங்கள் பாடகன் அதை இணையத்தில் மறுபடி வெளியிட்டான். ட்ரம்ஸ் வாசித்த நண்பன் இறந்து இரண்டு வருடமாகிறது. அந்தப் பாட்டில் அவன் தனியாக வாசித்த ஆறு நிமிடத்தைக் காணவில்லை. அவன் மனைவி எனக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணா, இவர் வாசிச்சது எங்க?"

நேரே வெள்ளவத்தைக்குப் போய்ப் பாடகனின் ஃபிளாட் கதவைத் தட்டி, உள்ளே போய் உட்கார்ந்தேன்.

"ஆறு நிமிஷம் ட்ரம்ஸை இப்ப ஆர் மச்சான் கேக்கிறது?" என்றான்.

"அவன்ட மனுசி கேக்கிறா. நீ முழுசாப் போடுமட்டும் நான் எழும்ப மாட்டன்."

தந்த தேநீரை நான் தொடவில்லை. ஒரு மணித்தியாலம் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தோம். கடைசியில் கணினியைத் திறந்து முழுப் பாட்டையும் ஏற்றினான். நான் நன்றி சொல்லவில்லை. மேடைகளில் சனம் கத்திக் கேட்டது அந்த ஆறு நிமிடத்தைத்தான் என்பது அவனுக்கும் தெரியும். படியிறங்கும்போதே இறந்த நண்பனின் மனைவிக்கு லிங்கை அனுப்பினேன்.