கடை பூட்டாத நாள்

கண்டி நகரத்தின் நடுவில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் பதினொரு கடைகள் வரிசையாக இருக்கின்றன. இருக்கின்றன என்று எழுதும்போதே எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் இதை வாசிக்கும்போது இடித்துத் தள்ளியிருந்தாலும் ஆச்சரியமில்லை. அதில் நாலாவது கடை என்னுடையது. நூல், பொத்தான், ஜிப், லேஸ், லைனிங் துணி. அப்பா தொடங்கியது, இருபத்தாறு வருடமாக நான் நடத்துகிறேன். என் கணவர் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மத்தியானச் சோற்றைக் கொண்டுவருவதும், நான் புலம்பும்போது "பார்ப்போம்" என்று சொல்வதும்தான் கடையில் அவருடைய வேலை.

நான் கவலைப்படவே பிறந்தவள். மழை பெய்தால் கூரை ஒழுகுமே என்று கவலை, வெயிலடித்தால் லேஸ் மஞ்சளித்துப் போகுமே என்று கவலை. அதனால் நகர மத்தியை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது, மற்றவர்கள் அப்போதுதான் பயப்படப் பழகினார்கள். நான் ஏற்கெனவே தேர்ந்திருந்தேன். முதலில் தகரவேலி வந்தது. பிறகு பஸ்களை ஒவ்வொரு திசைக்கும் ஒவ்வொரு தெருவில் நிறுத்தினார்கள். எங்கள் சந்துக்கு வரவேண்டிய ஆட்கள் வேலியைச் சுற்றி, சேற்றில் மிதித்து, வழி கேட்டு வரவேண்டியதாகிவிட்டது. இரண்டு முழம் லேஸ் வாங்க யார் அவ்வளவு பாடுபடுவார்கள்?

புசல்லாவை, நாவலப்பிட்டி பக்கத்துத் தையற்காரர்கள்தான் என் வியாபாரத்தில் பாதி. அவர்கள் வரும் பஸ் கம்பளையைத் தாண்டித்தான் கண்டிக்கு வரும். இப்போது அவர்கள் கம்பளையிலேயே இறங்கிவிட்டார்கள். கம்பளைக் கடைக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 'கண்டி நெரிசல் எதற்கு? எல்லாம் இங்கேயே' என்று மூன்று மொழியில் பதாகை அடித்துக் கட்டியிருந்தார்கள். அதைப் படமெடுத்து எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியது வேறு யாருமில்லை, என் அக்கா வீட்டுக்காரர். அத்தானுக்குக் கம்பளையில் பெரிய புடவைக்கடை. அந்தப் பதாகைக்கு வாசகம் எழுதியதே அவர்தான் என்று அக்கா பிறகு சொன்னாள்.

எனக்கும் அத்தானுக்கும் இந்தச் சண்டை அவர் அக்காவைப் பெண் பார்க்க வந்த நாளிலிருந்து நடக்கிறது. "ராஜா எல்லாம் மொதல்ல எங்க ஊர்லதான் இருந்தாங்க. உங்க ஊரு அப்ப காடு" என்பார். "நல்ல எடம் கெடைச்சதும் இங்க வந்துட்டாங்கல்ல?" என்பேன் நான். கண்டியில் எது கட்டினாலும் கம்பளைக்கும் ஒன்று வேண்டும். "உங்களுக்கு எட்டு மாடின்னா எங்களுக்கு நாலு மாடியாவது வேணாமா?" என்று அவர் உண்மையாகவே ஆதங்கப்படுவார். விளையாட்டாகத்தான் இருந்தது. வேலி வந்த பிறகு விளையாட்டு போய்விட்டது. ஒருநாள் அத்தான் போன் பண்ணி, தன் கடையில் கேஷியர் மேசைக்குப் பக்கத்தில் இரண்டு கண்ணாடி அலுமாரி வைக்க இடம் இருப்பதாகச் சொன்னார். "அங்க ஒண்ணும் சரிவரலன்னா இங்க வந்து உக்காருங்க. நம்ம கடைதானே."

நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் எரிச்சல். அவருடைய மின்விசிறிக்குக் கீழே, அவருடைய பெயர்ப்பலகைக்குள்ளே, காலையில் அவர் திறந்தால் திறந்து மாலையில் அவர் பூட்டினால் பூட்டி, நான் பொத்தான் விற்பதை நினைத்துப் பார்த்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அபிவிருத்தி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இயங்கிக்கொண்டிருக்கும் கடைகளை மட்டும் கணக்கெடுத்துப் பட்டியல் போடுவார்கள். பட்டியலில் உள்ளவர்களுக்குத்தான் புதிய கட்டடத்தில் இடம். அதிகாரிகள் இரண்டு கிழமைக்குள், அதாவது பதினாலு நாளுக்குள், ஏதோ ஒரு நாளில் வருவார்கள். எந்த நாள் என்று போடவில்லை. பூட்டியிருக்கும் கடை பூட்டிய கடையாகவே பதியப்படும்.

அந்த இரண்டு கிழமை எங்கள் சந்து இருந்த இருப்பைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒன்பது மணிக்குத் திறப்பவர்கள் ஏழரைக்கே வந்துவிட்டார்கள். கடைசிக் கடையில் மூக்குக்கண்ணாடி விற்பவர், பல் பிடுங்க எடுத்திருந்த நாளைத் தள்ளிப்போட்டு, கன்னம் வீங்கியபடி உட்கார்ந்திருந்தார். நான் வெள்ளிக்கிழமைக் கோயிலை விட்டேன். பின்னால் இருக்கும் கழிவறைக்குப் போவதென்றால்கூடப் பக்கத்துக் கடை நானாவிடம் "கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுத்தான் ஓடுவேன்.

நானாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். ஐந்தாவது கடை அவருடையது. குடையும் தொப்பியும் விற்றார். மடவளையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். வேலி வந்த பிறகு அவருக்கு நெஞ்சில் கோளாறு என்று மகன் வந்து கடையைப் பார்த்தாலும், அந்த இரண்டு கிழமைக்கும் பிடிவாதமாக அவரே வந்து உட்கார்ந்தார். "அவங்க வார நேரம் கடைக்காரன் ஈக்கணும் தங்கச்சி" என்றார்.

எங்கள் வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கடைக்காரர் வீட்டில் சாவு விழுந்தாலும் பதினொரு கடையும் பூட்டப்படும், அடக்கம் முடியும்வரை. மதம், சண்டை, கோபம் எதுவும் அதில் குறுக்கே வராது. என் அப்பா செத்த அன்று முதலில் ஷட்டரை இறக்கியவர் நானாதான் என்று எனக்குத் தெரியும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. யாரும் மீறியதும் இல்லை.

எட்டாம் நாள் காலையில் நானா வரவில்லை. ஒன்பது மணிபோல அவர் மகன் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குப் போன் பண்ணினான். வாப்பா விடியற்காலை சுபஹு நேரம் மவுத்தாகிவிட்டார், மத்தியானம் ளுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

பத்துப் பேரும் வெளியே வந்து சந்தில் நின்றோம். எல்லோரும் அழவேண்டிய முகத்தோடு ஒருவர் ஷட்டரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மனிதர் செத்திருக்கிறார், நாங்கள் யார் முதலில் பூட்டப் போகிறார்கள் என்று பார்க்கிறோம். எனக்கு அப்போதே வெட்கமாக இருந்தது. வெட்கமாக இருந்தும் அசையவில்லை. கடைசியில் கண்ணாடிக் கடைக்காரர், வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "வந்தா வந்துட்டுப் போகட்டும்" என்று தன் ஷட்டரை இழுத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக இறங்கின. கட்டுகஸ்தோட்டை வழியாகப் போக ஒரு வேன் பிடித்தார்கள். என் கணவரும் வந்து ஏறிக்கொண்டார்.

"நீங்க போங்க. ஒரு பொம்பள சாமான் எடுக்க வர்றேன்னுச்சு. குடுத்துட்டு பஸ்ல வந்துடுறேன்" என்றேன்.

எந்தப் பெண்ணும் வருவதாகச் சொல்லவில்லை. என் கணவர் என்னைப் பார்த்தார். "பார்ப்போம்" என்றுகூடச் சொல்லவில்லை.

வேன் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கினேன். பாதி மரியாதை, பாதி பிழைப்பு என்று ஒரு கணக்கு. உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். வெளியிலிருந்து பார்த்தால் பூட்டியது மாதிரித் தெரியுமோ என்று பயம் வந்தது. எழுந்து போய் முழுவதும் தூக்கினேன். பத்தரைக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். பத்தரை ஆனதும், பதினொரு மணிக்குப் போனாலும் முகம் பார்க்கலாம் என்று நினைத்தேன். பதினொன்றரைக்குக் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை வந்தேன். நான் சந்து முனை திரும்பிய உடனே அதிகாரிகள் வந்துவிட்டால்? மறுபடி உட்கார்ந்தேன். கம்பளையில் அந்த இரண்டு அலுமாரியும் என் கண்ணுக்குள்ளேயே நின்றன. பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். இனிப் போய்ப் பயனில்லை என்று தெரிந்ததும், சொல்லக் கூசுகிறது, எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

அவர்கள் ஒரு மணிக்கு வந்தார்கள். இரண்டு பேர், ஒருவர் கையில் அளவு நாடா, மற்றவர் கையில் டெப் கணினி. என் கடையை அளந்தார்கள், படம் எடுத்தார்கள். பிறகு டெப் வைத்திருந்தவர் மற்றப் பத்து ஷட்டரையும் பார்த்து, இவையெல்லாம் எப்போதிருந்து பூட்டியிருக்கின்றன என்று சிங்களத்தில் கேட்டார்.

"இல்லை சேர், பூட்டின கடைகள் இல்லை. மளகெதர" என்றேன். சாவு வீடு. பக்கத்துக் கடை முதலாளி இறந்துவிட்டார், எல்லோரும் அடக்கத்துக்குப் போயிருக்கிறார்கள், இது எங்கள் வழக்கம் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கொட்டித் தீர்த்தேன்.

அவர் நல்ல மனிதர். நின்று கேட்டார். பிறகு, குத்திக்காட்டுகிற எண்ணமே இல்லாமல், படிவத்தில் இன்னொரு கேள்வி கேட்பதுபோலக் கேட்டார்.

"அக்காவுக்கு அவரைப் பழக்கமில்லையா?"

"தெரியும்" என்றேன்.

அவர் டெப்பில் ஏதோ தட்டினார். மற்றக் கடைகளைப் பூட்டியது என்று பதியாமல் விடுவதாகவும், நாளைக் காலை எட்டரைக்கு மறுபடி வருவதாகவும், அப்போது எல்லோரும் திறந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். அவர்கள் போன பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னேன். நானாவின் மகனுக்கும் சொன்னேன். மறுநாள் எட்டு மணிக்கே எல்லாக் கடையும் திறந்திருந்தன. மகன் கசங்கிய சட்டையோடு வந்து, குடைகளுக்கு நடுவில் அரை மணித்தியாலம் நின்று, படம் எடுத்து முடிந்ததும் வீட்டுக்குப் போனான். பதினொரு கடையும் பதிவாகிவிட்டன.

அன்று முழுக்க என் கடையில் ஆட்கள். ஆளுக்கு ஆள் நன்றி சொன்னார்கள். கண்ணாடிக் கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்குத் தோணலயே. ஒருத்தர் நிக்கணும்னு உங்களுக்குத்தானே தோணுச்சு" என்றார். நான் முதல் தடவை மறுக்கத்தான் செய்தேன். "அப்படியெல்லாம் இல்லீங்க" என்றேன். அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் தடவையிலிருந்து தலையை ஆட்டினேன்.

மாலையில் அத்தான் போன் பண்ணினார். கதை கம்பளைக்குப் போய்விட்டது. "நான் ஒத்துக்கிறேன்" என்றார். "எங்க ஊர்ல அவனவன் கடையத்தான் அவனவன் பாப்பான். பத்து பேருக்காக ஒருத்தி நிக்கிறதெல்லாம் கண்டியிலதான் நடக்கும்." இத்தனை வருடத்தில் அவர் வாயால் கம்பளை தோற்றது அதுதான் முதல் தடவை. அந்த வார்த்தைக்காக நான் எவ்வளவு ஏங்கியிருக்கிறேன். அடுப்பில் பால் பொங்குகிறது என்று பொய் சொல்லி போனை வைத்தேன்.

என் கணவர் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. எந்தப் பெண் சாமான் எடுக்க வந்தாள் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லையே என்று அவர்மேல் கோபம் வந்தது.

நானா இறந்த நாலாம் நாள் மடவளைக்குப் போனேன். நானாவின் மனைவி இத்தாவில், கணவர் இறந்தபின் பெண்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் காலத்தில், இருந்தார். அந்த மாதங்களில் வெளி ஆண்கள் பார்க்க முடியாது, பெண்கள் போகலாம். எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் முடிவு செய்திருந்தேன். ஒரு வசனத்தைக்கூடத் தயாரித்து வைத்திருந்தேன். உள் அறையில் வெள்ளை உடுத்தி உட்கார்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அவர்ட மொகத்தக் கடைசியாப் பாக்கக்கூட ஒங்களுக்குக் கெடைக்கல்லயே" என்று அழுதார். "எங்கட கடைக்கும் சேத்துக் காவல் நின்டீங்களாம். மகன் சென்னான். நீங்க ஏன் வரல்லன்டு அண்டைக்கு நான் மனசுக்குள்ள குறையா நெனச்சிட்டேன். அத மன்னிச்சிக்கோங்க."

என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். தயாரித்து வைத்த வசனம் நாக்கு நுனிவரை வந்தது.

"பரவால்லங்க" என்றேன். "யாராவது ஒருத்தர் நிக்கணுமில்ல."