பேராதனைப் பாலத்துப் பூக்கள்

இன்று காலை சாமிப் படத்திலிருந்து நேற்றைய பூவை எடுத்தேன். வாடிய மல்லிகையும் கற்பூரமும் கலந்து கையில் மணத்தது. உடனே எனக்குப் பேராதனைப் பாலத்து வாகன நெரிசல் ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

கல்யாணமான புதிதில் பிலிமத்தலாவையிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தேன். வாரம் முழுக்கச் சேர்ந்த பூசைப் பூவை மாமியார் பிளாஸ்டிக் சொப்பிங் பையில் இறுக்கிக் கட்டி, திங்கட்கிழமை காலையில் என் கையில் கொடுத்துவிடுவார். பூ குப்பையில் விழுந்து மிதிபட்டால் தன் மகனுக்கு ஆகாது என்று அவருக்குப் பயம். மகன் என்றால் என் வீட்டுக்காரர். ஆகவே எனக்கும் கொஞ்சம் பயம்தான். பஸ் பாலத்தில் ஊரும்போது பையை மகாவலியில் வீசிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.

பக்கத்தில் உட்கார்ந்து வருபவள் என்னோடு வேலை செய்த ஸாஹிரா. மூதூர்க்காரி, வாப்பா மீன்பிடிக்கிறவர். ஒருநாள் மெதுவாகச் சொன்னாள்: “இந்த ஆறு எங்கட ஊர்க் கடலுக்குத்தான் வருது. வாப்பாட வலையில மீனை விட பைதான் கூட. பூவைப் போடுங்க, பையை வெச்சிக்கொள்ளுங்க.” கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன்.

அடுத்த திங்கள் பையை அவிழ்த்துப் பூவை மட்டும் உதறினேன். காற்றைப் பற்றி யோசிக்கவில்லை. பாதிப் பூ திரும்பிவந்து கண்டக்டர் தலையில் இறங்கியது. மனிதர் பாவம், மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

மாலையில் வெறும் பையைக் கண்டதும் மாமியாரின் முகம் இருண்டது.

“பை வந்திருக்கே, பூவ எங்க தாயி போட்ட?”

விஷயத்தைச் சொன்னேன். நம்பியதாகத் தெரியவில்லை. மறுநாள் என்னோடு பஸ் ஏறி, பாலத்தடியில் இறங்கிக் கரையைப் பார்த்தார். செடிகளில் பைகள் சிக்கிக் கிடந்தன. சிலவற்றில் முடிச்சு அவிழாமல் உள்ளேயே பூ கறுத்திருந்தது. அவர் போடும் அதே இரட்டை முடிச்சு.

“தண்ணியில போகும்னுதானே குடுத்தேன்” என்றார்.

அந்த வாரமே வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டி, யாரும் மிதிக்காதபடி சுற்றிக் கல் வைத்து, பூவை அதில் போட்டு மூடினார். பக்கத்தில் ஒரு மல்லிகைக் கன்றையும் நட்டார். காய்கறித் தோலுக்கு வேறு குழி. சாமிப் பூவோடு சேர்க்க விடமாட்டார். மல்லிகை முதன்முதல் பூத்தபோது சாமிக்கு வைத்தது போக மீதியை வாழையிலையில் மடித்து, “அந்தப் புள்ளைக்குக் குடு” என்றார். ஸாஹிரா அதைக் கண்டி வரை மடியிலேயே வைத்திருந்தாள்.

இருவரையும் நினைத்தால் நன்றியில் மனம் நிறைகிறது. ஸாஹிரா மாற்றலாகி மூதூருக்கே போய்விட்டாள். மாமியாரும் சாமியிடம் போய்ச் சேர்ந்தார். இன்று எடுத்த பூவும் அந்தச் செடியில் பறித்ததுதான்; அதனடியிலேயே போட்டேன். வாழையிலையில் மடித்துக் கொடுக்கத்தான் ஆளில்லை.