மப்ரூக்கின் உடைந்த ஓடு

கடலோர ஊரான பிஸெர்த்தாவில் துராயாவை ஆமை டாக்டர் என்றால்தான் தெரியும். ஆடு மாடு பார்க்கப் படித்தவள். ஆனால் அந்த ஊரில் முக்கால்வாசி வீட்டு முற்றத்தில் ஓர் ஆமை உலாத்திக்கொண்டிருக்கும். ஒரு வீட்டு ஆமையின் சளியை அவள் குணமாக்கியதும் மற்றவர்களும் வர ஆரம்பித்துவிட்டார்கள். எலுமிச்சைத் தோட்டத்தில் மண்வெட்டி பட்ட தவளையைக்கூட ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். கையை நன்றாக நனைத்துக்கொண்டுதான் தவளையைத் தொடுவாள். உடன் படித்தவர்கள் கேலி செய்தால் அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

ஒரு வசந்த காலக் காலையில், லாரி ஓட்டி ஓய்வுபெற்ற மொன்ஜி காய்கறிக் கூடையோடு வந்தார். கூடைக்குள் ஓர் ஆமை. முதுகு ஓடு பிளந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"எங்க மப்ரூக்கு, டாக்டரம்மா. வண்டிய பின்னால எடுக்குறப்ப நான்தான் ஏத்திட்டேன்."

ஆமை அவர் மனைவி சல்ஹா கல்யாணத்தின்போது பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. இது பிழைக்காவிட்டால் வீட்டுப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டாளாம்.

துராயா காயத்தைக் கழுவி, மருந்திட்டு, முன்னங்காலில் ஊசி போட்டாள். ஓட்டின் அடியில் என்ன சேதம் என்று அறிய எக்ஸ்ரே எடுத்தவள், படத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகத் திரும்பினாள்.

"மாமா, உங்க மப்ரூக்கு வயித்துல முட்டை இருக்கு."

"ஆம்பளை வயித்துல எப்படிம்மா முட்டை இருக்கும்?"

"ஆம்பளைன்னு யாரு சொன்னா?"

மொன்ஜி யோசித்துப் பார்த்தார். யாரும் சொன்னதாக நினைவில்லை.

சிரிக்கிற நேரமில்லை. அடிபட்ட அதிர்ச்சியில் முட்டை உள்ளேயே தங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. சில நாள் சுண்ணாம்புச்சத்து ஏற்றிய பிறகு, முட்டை இறங்குவதற்கான ஊசியைப் போட்டு, ஈரமணல் நிரப்பிய பெட்டியில் விளக்கைப் போட்டு ஆமையை விட்டாள் துராயா. மொன்ஜி பெட்டியருகே தரையில் உட்கார்ந்து, தான் லாரி ஓட்டிய ஊர்களைப் பற்றி ஆமையிடம் பேசிக்கொண்டே இருந்தார். அன்று மத்தியானம் சல்ஹா, டாக்டருக்குச் சாப்பாடு என்று மூடிய தட்டோடு வந்தாள். புருஷனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

வெயில் சாயும்போது ஆமை பின்னங்கால்களால் மணலைப் பறிக்கத் தொடங்கியது. முதல் முட்டை விழுந்ததும் சல்ஹா தன்னையறியாமல் மொன்ஜியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷமா ஒரு பொம்பளைய ஆம்பளை பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்கேனே," என்றாள்.

"என்னைய என்னென்னவோ சொல்லிக் கூப்பிட்டிருக்க. அதுக்கு என்னைக்காவது வருத்தப்பட்டியா?"

அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டாள் சல்ஹா. துராயாவும்தான்.

ஆண் துணை இல்லாமல் இட்ட முட்டை பொரிக்காது. ஆனால் வயிறு காலியானதும் ஆமை இலை கடிக்க ஆரம்பித்தது. புண் ஆறியதும் பிளவைக் கம்பியால் இழுத்துக் கட்டிப் பசையால் மூடினாள் துராயா. அந்த ஆண்டு குளிர்காலத்தில் அதை மற்ற ஆமைகளைப் போல மாதக்கணக்கில் தூங்க விடக் கூடாது என்று சொல்லி அனுப்பினாள். மப்ரூக்கா என்று பேர் மாறிய ஆமை, அந்தக் குளிர் முழுக்க சல்ஹாவின் சமையலறை அடுப்போரமாக நடமாடியது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் துராயா எட்டிப் பார்ப்பாள். ஆமையைப் பார்க்கத்தான் போவாள்; சாப்பாடு போடாமல் சல்ஹா அனுப்பமாட்டாள்.