அழுகைக்குக் கிடைத்த தவணை

மேச்சேரியில் செம்மறி வளர்த்துப் பிழைத்த செல்லியம்மாளுக்குக் கூடப்பிறந்தவர் யாரும் இல்லை. பக்கத்து வீட்டில் வளர்ந்த வேலுமணிதான் தம்பி. அவள் மகள் தமிழினிக்குத் தாய்மாமன் சீர் செய்தவனும் அவனே. ஜலகண்டாபுரத்தில் தறிக்கூடம் போடப் பணம் போதவில்லை என்று அவன் வந்து நின்றபோது, பட்டியிலிருந்த ஆடுகளை எல்லாம் விற்றுக் கொடுத்தாள். புரோநோட்டைக்கூட அவனாகத்தான் எழுதிக் கொடுத்தான், அவள் கேட்கவில்லை.

நூல் விலை ஏறித் தொழில் படுத்துவிட்டது என்றான். வட்டியும் வரவில்லை, முதலும் வரவில்லை. நோட்டு காலாவதியாகிவிடும் என்று தமிழினி நச்சரிக்கவே மேட்டூர் கோர்ட்டில் வழக்குப் போட்டாள். கூண்டில் ஏறிய வேலுமணி, தறிகளை மூடிவிட்டுக் கூலிக்குப் போய்ச் சாப்பிடுவதாகச் சொல்லி அழுதான். சிறு சிறு தவணையாகக் கட்ட அனுமதி கேட்டான். செல்லியம்மாளின் வக்கீல் ஷாலினி ஆட்சேபிக்க எழுந்தாள். செல்லியம்மாள்தான் அவள் கையைப் பிடித்து, வேண்டாம், மெதுவாகவே கட்டட்டும் என்று உட்கார வைத்தாள். கோர்ட்டும் தவணை கொடுத்தது.

அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்கு ஜலகண்டாபுரம் போனவள், அவனையும் பார்த்து ஆறுதல் சொல்லிவிட்டு வரலாம் என்று நடந்தாள். தெருமுனையிலேயே தறிச்சத்தம் கேட்டது. மூடியதாகச் சொன்ன கூடத்தில் எல்லாத் தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. டீ குடிக்க வெளியே வந்த தறிக்காரரிடம் விசாரித்தாள். வழக்கு வருவதற்கு முன்பே கூடத்தை மச்சான் சபரிநாதன் பேருக்கு எழுதியாகிவிட்டது, நடத்துவது என்னவோ வேலுமணிதான் என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். செல்லியம்மாள் உள்ளே போகவில்லை. கல்யாணத்துக்கும் போகவில்லை.

தவணை என்பது அவகாசம்தான், கடன் தள்ளுபடி அல்ல என்று ஷாலினி விளக்கினாள். கடன் கொடுத்தவரை ஏமாற்ற எழுதிய பத்திரம் செல்லாது என்று வழக்குப் போடலாம். அதுவரை கூடத்தை விற்கவிடாமல் தடை வாங்கலாம். தவணை தவறினால் ஜப்தி கேட்கலாம்.

"எல்லாத்தையும் போடு சாமி" என்றாள் செல்லியம்மாள்.

தடை உத்தரவு கிடைத்ததும் வேலுமணி வீட்டுக்கு வந்தான்.

"கூடம் போச்சுன்னா என்ற குடும்பம் தெருவுக்கு வந்துருமுங்க அக்கா. வாபஸ் வாங்கிருங்க."

"கூண்டுல நீ அழுதப்ப, கீழ உக்காந்து நானும் அழுதேன்டா. அப்பவும் தறி ஓடிட்டுத்தான இருந்துச்சு?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான்.

வழக்கு இழுத்தடித்து, கடைசியில் அந்தப் பத்திரம் அவளைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பானது. இதற்குள் அவன் தவணையையும் நிறுத்தியிருந்ததால் கூடம் ஜப்தியானது. ஏலத்துக்கு முன்பாகச் சபரிநாதன் மொத்தக் கடனையும் கட்டி மீட்டுக்கொண்டான். தம்பி என்றும் பாராமல் கோர்ட்டுக்கு இழுத்தாள் என்று ஊரில் பேசினார்கள்.

பணம் கைக்கு வந்த அன்று மேட்டூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் வேலுமணியும் ஏறினான். அவளைப் பார்த்ததும், பின்னால் இடம் இருந்தும் படியிலேயே நின்றுகொண்டு வந்தான். செல்லியம்மாள் அவனைக் கூப்பிடவில்லை.